ஒரே புட்டிக்கு மூன்று வயது

விண்டேஜ் ஷாம்பெயின் புட்டியின் முகப்பில் ஓர் ஆண்டு அச்சாகியிருக்கும். 2008 என்றோ 2012 என்றோ இருக்கும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அது திராட்சை பறிக்கப்பட்ட ஆண்டு. ஆனால் ஒரே தயாரிப்பாளர் ஒரே ஆண்டின் திராட்சையில் செய்த இரண்டு புட்டிகளை அருகருகே திறந்து பாருங்கள். ஒன்றில் எலுமிச்சைத் தோலும் ஈரச் சுண்ணாம்பும் மணக்கலாம். மற்றொன்றில் தேனும் வறுத்த பாதாமும் மணக்கலாம். இரண்டில் எதுவும் கெட்டுப்போனதாக இருக்காது. வேறுபாட்டுக்குக் காரணம் முகப்பில் இடம்பெறாத இரண்டு கணக்குகள்: அந்த ஒயின் புட்டிக்குள் படியும் ஈஸ்ட் கசடான தன் மண்டியோடு எத்தனை ஆண்டுகள் கிடந்தது, மண்டியை நீக்கித் தக்கை அடைத்தபின் எத்தனை ஆண்டுகள் கழிந்தன.

ஆக, ஒரு புட்டிக்கு மூன்று வயது உண்டு. மூன்றும் நாவில் தனித்தனியே தெரியும். எது எந்த வயதின் கைவேலை என்று பிரித்தறியத் தொடங்கியபின் இந்த ஒயினைக் குடிக்கும் முறையே மாறிவிடும் என்பது என் அனுபவம்.

முதல் வயது: பறித்த ஆண்டு

ஷாம்பெயினின் இயல்பு ஆண்டை மறைப்பதுதான். பாரிஸுக்குக் கிழக்கே, ரெய்ம்ஸ், எபெர்னே ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள அந்த வட்டாரம் ஏறத்தாழ 49 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. திராட்சை பழுப்பதற்கு அது எல்லை நிலம். வசந்தத்தில் உறைபனி மொட்டுகளைக் கருக்கும். கோடையில் மழை பெய்து பூஞ்சையைக் கொண்டுவரும். சில ஆண்டுகளில் காய் கனியாகவே அடம்பிடிக்கும். இந்த நிச்சயமின்மைக்கு அவர்கள் கண்ட வழி கலவை. நல்ல ஆண்டுகளின் ஒயினைச் சேமிப்பில் வைத்துக்கொண்டு, மெலிந்த ஆண்டின் ஒயினோடு கலந்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரே சுவை வருமாறு பார்த்துக்கொள்வார்கள். சந்தைக்கு வரும் ஷாம்பெயினில் மிகப் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஆண்டில்லாக் கலவைதான். அதில் கைத்திறன் குறைவு என்று எண்ண வேண்டாம். விண்டேஜ் செய்வதைவிட அதைச் செய்வது கடினம் என்று சொல்லும் கலப்பாளர்களும் உண்டு.

விண்டேஜ் இந்தப் பழக்கத்துக்கு விதிவிலக்கு. முகப்பில் ஆண்டு போட வேண்டுமானால் அதிலுள்ள ஒயின் முழுவதும் அந்த ஓர் ஆண்டின் திராட்சையிலிருந்து வந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டின் விளைச்சல் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் விண்டேஜாக விற்க முடியாது. எஞ்சியதை வரப்போகும் மெலிந்த ஆண்டுகளுக்காக ஒதுக்கிவைக்க வேண்டும். சாதாரண ஷாம்பெயின் புட்டியில் அடைத்த நாளிலிருந்து குறைந்தது 15 மாதங்கள் நிலவறையில் இருந்தால் போதும். விண்டேஜுக்கு 36 மாதங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் இந்தக் கெடுவோடு நிற்பதில்லை. ஏழு, எட்டு, பத்து ஆண்டுகள் காத்திருப்பது அங்கே வழக்கம். முதல் விண்டேஜ் ஷாம்பெயின் தாங்கள் செய்த 1810ஆம் ஆண்டு ஒயின்தான் என்று வூவ் க்ளிக்கோ நிறுவனம் உரிமை கொண்டாடுகிறது.

ஓர் ஆண்டை விண்டேஜாக அறிவிப்பதா வேண்டாமா என்ற முடிவு, பறித்த அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எடுக்கப்படுகிறது. அப்போது ஒயினில் குமிழி கிடையாது. முதல் நொதிப்பு மட்டும் முடிந்து, வெளிறிய நிறத்தில், பல் கூசும் புளிப்போடு தொட்டிகளில் இருக்கும். ‘தெளிந்த ஒயின்’ என்ற பொருள்படும் பெயரால் அதை அழைப்பார்கள். ஊர்வாரியாக, தோட்டவாரியாகப் பிரித்துவைத்த அந்த ஒயின்களை நிலவறைத் தலைவரும் அவருடைய குழுவும் ஒவ்வொன்றாக வாயில் ஊற்றித் துப்பி, பத்தாண்டுக்குப் பிறகு இது என்னவாகும் என்று கணிக்க வேண்டும். தழைத்து வளரப்போகும் மரத்தை விதையிலேயே பார்ப்பதற்கு ஒப்பான வேலை. சில சமயம் கணிப்பு பிசகும்.

1996ஐ எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரையும் புளிப்பும் ஒருசேர உச்சத்தில் அமைந்த அபூர்வமான அறுவடை. நூற்றாண்டின் ஒயின் என்றெல்லாம் கொண்டாடினார்கள். இன்று அந்த ஆண்டின் புட்டிகளைத் திறப்பவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். சிலவற்றில் பழச்சுவை வற்றி, புளிப்பு மட்டும் எலும்புக்கூடாக நிற்கிறது. சில இன்னும் கம்பீரமாக இருக்கின்றன. 2003 இதற்கு நேர்மாறு. ஏப்ரலில் உறைபனி விளைச்சலை அழித்தது. பிறகு ஐரோப்பாவையே வாட்டிய வெப்ப அலை வந்தது. ஆகஸ்டிலேயே பறிக்க வேண்டியதாயிற்று. புளிப்பு தாழ்ந்து, பழச்சுவை கனத்தது. பலர் அந்த ஆண்டை அறிவிக்காமல் விட்டார்கள். சிலர் துணிந்து செய்தார்கள். 2008இல் கோடை மந்தமாகக் கழிந்து, செப்டம்பரில் வறண்ட வெயில் அடித்துக் காப்பாற்றியது. புளிப்பு குறையாமல் கனிந்த திராட்சை கிடைத்தது. அந்த ஒயின் இறுகி நின்றதால், டோம் பெரிஞோன் என்ற ஷாம்பெயினைச் செய்பவர்கள் தங்கள் வழக்கத்தை மீறி 2009ஐ முதலில் வெளியிட்டுவிட்டு 2008ஐப் பிறகு கொண்டுவந்தார்கள்.

கோப்பையில் இந்த முதல் வயது தெரியும் இடம் புளிப்பும் கனமும்தான். குளிர்ந்த ஆண்டின் ஒயின் நாவின் ஓரங்களில் கோடு கிழித்தாற்போல் ஓடும். வெப்ப ஆண்டின் ஒயின் நடுநாவில் அகலமாக உட்காரும். எத்தனை ஆண்டுகள் சென்றாலும் இந்த உடல்வாகு மாறுவதில்லை.

வெள்ளைத் திராட்சையின் பங்கு

ஷாம்பெயின் வெள்ளை ஒயினாக இருந்தாலும் அதில் கருந்திராட்சையே மிகுதி. பினோ நுவார், முனியே, ஷார்டொனே என்ற மூன்று வகைகளே தோட்டங்களை ஏறக்குறைய முழுமையாக நிரப்பியிருக்கின்றன. முதல் இரண்டும் கருந்திராட்சை. நிறம் தோலில் இருப்பதால், குலையோடு மென்மையாகப் பிழிந்தால் வெண்சாறு வரும். இதற்காகத்தான் பிழிவதற்கும் கணக்கு: 4,000 கிலோ திராட்சையிலிருந்து முதலில் வரும் 2,050 லிட்டரே உயர்ந்த சாறு, அடுத்த 500 லிட்டர் இரண்டாந்தரம், அதற்குமேல் பிழிவது ஷாம்பெயினாகாது.

ஷார்டொனேயை மட்டும் கொண்டு செய்வதை ‘ப்ளாங் த ப்ளாங்’ என்பார்கள், வெள்ளையிலிருந்து வெள்ளை. எபெர்னேவுக்குத் தெற்கே உள்ள கோத் தே ப்ளாங் சரிவில் க்ரமான், அவீஸ், ல மெனில் சுய்ர் ஓஜே முதலிய ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை. சுண்ணப் பாறையின் மேல் மெல்லிய மண். வேர்கள் பாறைக்குள் இறங்குகின்றன. பாறை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து வறட்சியில் கொடுக்கிறது. ல மெனில் ஊரின் ஒயின் இளமையில் சிடுசிடுவென்று இருக்கும். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் திறப்பவரை அது மதிக்கவே மதிக்காது. அந்த ஊரைச் சேர்ந்த சலோன் நிறுவனம் ஒரே ஊர், ஒரே திராட்சை, விண்டேஜ் மட்டும் என்ற கொள்கையில் இயங்குகிறது. 20ஆம் நூற்றாண்டில் 37 ஆண்டுகளை மட்டுமே அது வெளியிட்டது. அதே ஊரில் க்ருக் நிறுவனத்துக்குச் சொந்தமான, மதில் சூழ்ந்த ஒரு தோட்டம் 1.84 ஹெக்டேர்தான், 1979இலிருந்து அதன் திராட்சை தனியாகப் புட்டியில் அடைக்கப்படுகிறது.

மூன்று வயதுகளையும் பிரித்தறிய விரும்புவோர் ப்ளாங் த ப்ளாங்கில் தொடங்குவது நல்லது. கருந்திராட்சையின் பழச்சதை இடையில் வந்து குழப்பாததால், காலம் செய்யும் மாற்றம் அதில் பளிச்சென்று தெரிகிறது.

இரண்டாம் வயது: மண்டியோடு கிடந்த காலம்

குமிழி வரும் வழி எளியது. முதல் நொதிப்பு முடிந்த ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்து மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. வாயுவுக்கு வெளியேற வழியில்லை, ஒயினிலேயே கரைகிறது. முடிவில் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. கார் சக்கரத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். இந்தச் சர்க்கரைக் கணக்கு பிடிபடாத காலத்தில் நிலவறைகளில் புட்டிகள் சரஞ்சரமாக வெடித்தன. வேலையாட்கள் இரும்பு முகமூடி அணிந்து இறங்கினார்கள். 1836இல் மருந்தாளர் ஃபிரான்ஸ்வா என்பவர் எவ்வளவு சர்க்கரை சேர்க்கலாம் என்பதற்கு அளவு கண்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

இந்த இடத்தில், குமிழியைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் துறவி டோம் பெரிஞோனின் கதையைச் சொல்லாமல் நகர்ந்தால் வாசகர் ஏமாந்துபோவார். விண்மீன்களைக் குடிக்கிறேன் என்று அவர் கூவியதாகச் சொல்வது விளம்பரக்காரர் கைச்சரக்கு. 1668 முதல் 1715இல் இறக்கும்வரை ஓவில்லியே மடத்தின் நிலவறைப் பொறுப்பில் இருந்த அவர், திராட்சையைத் தேர்ந்து கலப்பதில் வல்லவர். குமிழியை ஒயினின் குறையாகக் கருதி அதைத் தவிர்க்கப் பார்த்த காலத்தவர். சர்க்கரை சேர்த்தால் ஒயின் நுரைக்கும் என்பதை 1662இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதிக் கொடுத்தவர் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது இன்றும் கொஞ்சம் கசக்கும்.

சுவைக்குத் தேவையான விஷயம் இதற்குப் பிறகுதான் நடக்கிறது. சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்துப் புட்டியின் வயிற்றில் மண்டியாகப் படிகிறது. மாதங்கள் செல்லச்செல்ல, அந்தச் செல்களின் சொந்த நொதிகளே அவற்றின் சுவரைக் கரைக்கின்றன. உள்ளிருந்த அமினோ அமிலங்களும் புரதங்களும் சர்க்கரைச் சேர்மங்களும் மெல்ல ஒயினில் இறங்குகின்றன. வெண்ணெய் சேர்த்துச் சுட்ட ரொட்டி, பச்சை மாவு, பிஸ்கட், பாதாம் என்று ஷாம்பெயினைப் பற்றி எழுதுபவர்கள் அடுக்கும் மணங்கள் பெரும்பாலும் இந்த இறந்த ஈஸ்டின் கொடை. நாவில் படும் பாலேட்டு வழவழப்பும் அதனுடையதே. ஈஸ்ட் சுவரிலிருந்து வரும் புரதங்கள் நுரையை நிலைநிறுத்தி, குமிழியின் முரட்டுத்தனத்தைத் தணிக்கின்றன. ஒன்றரை ஆண்டு கிடந்த ஒயினில் இது மெல்லிய சாயல். எட்டாண்டு கிடந்ததில் அடித்தளமே அதுதான்.

மண்டிக்கு இன்னொரு குணம் இருக்கிறது. அது உயிர்வளியைத் தின்றுவிடுகிறது. எனவே மண்டியோடு இருக்கும்வரை ஒயின் வியப்பூட்டும் அளவுக்கு இளமையாக இருக்கும். ஒருபக்கம் ரொட்டி மணம் ஏறிக்கொண்டே போகிறது, மறுபக்கம் முதுமை தள்ளிப்போடப்படுகிறது. துறவியின் பெயரிலான டோம் பெரிஞோன் ஷாம்பெயின்காரர்கள் ஒரே விண்டேஜை முதலில் எட்டு ஆண்டுக்குப் பிறகும், அதில் ஒரு பகுதியை மண்டியோடு விட்டுவைத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேலானபின் இரண்டாம் முறையும் வெளியிடுவது இந்தக் குணத்தை நம்பித்தான். பொலிஞ்சர் நிறுவனமும் 1952ஆம் ஆண்டு விண்டேஜிலிருந்து இதே வழியில் ஒரு தனி ஒயினை விற்கிறது. அண்மையில் மண்டி நீக்கியது என்பதே அதன் பெயரின் பொருள்.

கடைசியில் மண்டியை வெளியேற்ற வேண்டும். புட்டியைச் சாய்த்து, நாள்தோறும் சிறிது திருப்பி, மெல்லத் தலைகீழாக்கினால் மண்டி கழுத்தில் இறங்கும். துளையிட்ட மேசையில் இதைச் செய்யும் முறை 1816 வாக்கில் உருவானது, வூவ் க்ளிக்கோ நிறுவனத்தை நடத்திய ‘க்ளிக்கோ விதவை’ பார்ப்-நிக்கோல் பொன்சார்தேனின் நிலவறையில். இப்போது பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள் அந்த வேலையைச் சில நாட்களில் முடித்துவிடுகின்றன. கழுத்தைக் கடுங்குளிர்க் கரைசலில் முக்கி உறையவைத்துத் திறந்தால், உள்ளழுத்தமே மண்டிக்கட்டியை வெளியே தள்ளிவிடும். ‘தேறல்’ என்ற பழந்தமிழ்ச் சொல்லுக்குத் தெளிந்தது என்பது பொருள். கசடு இறங்கித் தெளிந்த மதுவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் வேறு மொழியில் பார்த்ததில்லை.

மூன்றாம் வயது: தக்கை அடைத்த பின்

மண்டி போன இடத்தைச் சிறிது ஒயினும் சர்க்கரையும் கலந்த கரைசலால் நிரப்புகிறார்கள். முகப்பில் உள்ள ‘ப்ரூட்’ என்ற சொல் இந்தச் சர்க்கரையின் அளவைக் குறிக்கிறது: லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவு. ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’ என்றால் 6 கிராம் வரை. இன்று உலர்ந்த, அதாவது இனிப்பற்ற, சுவைதான் நாகரிகம் என்பதால் சர்க்கரையே சேர்க்காத புட்டிகளும் மிகுந்துவிட்டன. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. புளிப்பு மிகுந்த ஆண்டில் நான்கைந்து கிராம் சர்க்கரை இனிப்பைத் தருவதில்லை; ஒயினின் பகுதிகளைக் கோத்துவிடுகிறது. அது இல்லாத சில புட்டிகள் நேர்மையாக இருக்கின்றன, ஆனால் அவற்றோடு இரண்டாம் கோப்பைவரை உட்கார முடிவதில்லை.

தக்கை ஏறியதும் மூன்றாம் வயது தொடங்குகிறது. பாதுகாத்த மண்டி இப்போது இல்லை. திறந்து மூடிய அந்தக் கணத்தில் சிறிது உயிர்வளி உள்ளே போயிருக்கிறது. தக்கை வழியாகவும் ஆண்டுக்கணக்கில் கசிகிறது. ஒயின் முதன்முறையாக மூப்படையத் தொடங்குகிறது. முதல் சில மாதங்கள் அது அதிர்ச்சியில் இருப்பதுபோல் மணமின்றிச் சுருங்கிக் கிடக்கும். பிறகு சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மிக மெதுவாக வினைபுரிய, பொன்னிறமாக வாட்டிய ரொட்டியின் மணம், காப்பிக்கொட்டை, தேன், உலர்ந்த பழம் என்று வேறொரு வரிசை எழுகிறது. இரண்டாம் வயதின் ரொட்டி மணத்துக்கும் மூன்றாம் வயதின் ரொட்டி மணத்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னது பிசைந்த மாவும் அடுப்பிலிருந்து எடுத்த மென்மையும். பின்னது ஓரம் கருகிய தோல். இதைப் பிரித்துப் பிடிக்க மூக்குக்குப் பயிற்சி வேண்டும், ஆனால் ஒருமுறை பிடிபட்டால் மறக்காது.

மண்டி நீக்கிய தேதியை அச்சிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. இப்போது பலர் பின்பக்கச் சீட்டில் அதைச் சிறிய எழுத்தில் தருகிறார்கள்; சிலர் ஒரு குறியீட்டு எண்ணைக் கொடுத்து இணையத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முகப்பில் உள்ள ஆண்டைவிட அந்தச் சிறிய எழுத்து எனக்கு அதிகம் சொல்கிறது. புட்டி கைக்கு வந்ததும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். தேதி ஆறு மாதத்துக்குள் இருந்தால் இன்னும் ஓராண்டாவது குளிர்ந்த இருட்டில் படுக்கவைக்கலாம். மிக முதிர்ந்தபின் மண்டி நீக்கிய ஒயினுக்கு மட்டும் இது பொருந்தாது. அது வெளிக்காற்றைத் தாங்கும் வலிமை குறைந்தது என்பதால், வந்த சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதே மேல் என்று பலர் கருதுகிறார்கள்.

திறப்பதும் ஊற்றுவதும்

விண்டேஜ் ஷாம்பெயினுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி பனிக்கட்டி. பனிவாளியில் ஒரு மணி நேரம் புதைத்து எடுத்தால் எட்டாண்டு உழைப்பு உறைந்துபோகும். புளிப்பும் குமிழியும் மட்டும் மிஞ்சும். ஆண்டில்லாக் கலவையை 8 பாகை செல்சியஸில் குடிக்கலாம். விண்டேஜுக்கு 10 முதல் 12 பாகை வேண்டும். அது அந்த வட்டாரத்துச் சுண்ணப்பாறை நிலவறைகளின் வெப்பநிலையே.

கம்பிக்கூட்டைத் தளர்த்தும் கணத்திலிருந்து கட்டைவிரல் தக்கையின் தலையில் இருக்க வேண்டும். புட்டியைச் சாய்த்து, தக்கையை அசையாமல் பிடித்து, புட்டியைத் திருப்பினால் பெருமூச்சுபோல ஓர் ஓசையோடு திறக்கும். வெடியோசை கேட்டால் வாயு வீணாகிறது என்று பொருள். ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷாம்பெயின் குமிழிகளையே ஆராய்ந்துவரும் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவினரும், கோப்பையைச் சாய்த்து அதன் சுவரில் வழியவிட்டு ஊற்றினால் கரைந்த வாயு அதிகம் தங்குகிறது என்று 2010இல் அளந்து காட்டினார்கள். பீர் ஊற்றுபவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்துவந்தார்கள் என்பது வேடிக்கை.

கோப்பையைப் பொறுத்தவரை, ஒல்லியான நீளக் கோப்பையை ஒதுக்கிவிடலாம். அதில் குமிழியின் ஓட்டம் அழகாகத் தெரியும்; ஆனால் அதன் குறுகிய வாயில் கரியமில வாயு திரண்டு நின்று மூக்கைக் குத்துவதை அதே குழு பதிவுசெய்திருக்கிறது. வயிறு அகன்று வாய் சற்றே குறுகிய வெள்ளை ஒயின் கோப்பையில் மூக்குக்கு இடமிருக்கும்.

குமிழியைப் பற்றிய ஒரு நம்பிக்கையையும் கழித்துவிட வேண்டும். குமிழி எவ்வளவு நுண்ணியதோ ஒயின் அவ்வளவு உயர்ந்தது என்பார்கள். குமிழிகள் ஒயினிலிருந்து தாமாகப் பிறப்பதில்லை. கோப்பையில் ஒட்டியிருக்கும் துணியிழை, தூசு போன்றவற்றுக்குள் சிக்கிய காற்றில்தான் அவை முளைக்கின்றன. ஆகவே குமிழிச் சரங்கள் எத்தனை என்பது கோப்பையைத் துடைத்த துணியைப் பொறுத்தது. அதே சமயம் நம்பிக்கையில் ஓர் உண்மையும் உண்டு: ஆண்டுகள் செல்லச்செல்லத் தக்கை வழியே வாயு கசிந்து குறைவதால், முதிர்ந்த ஒயினின் குமிழிகள் உண்மையிலேயே சிறியவை. நுண்குமிழி வயதுக்குச் சான்று. தரத்துக்கு அதை எடுத்துக்கொள்ள முடியாது.

மூக்கும் நாவும்

கோப்பையைச் சுழற்றாமல் முதலில் ஒருமுறை முகர்வது நல்லது. குமிழிகள் மேற்பரப்பில் உடையும்போது நுண்துளிகளை மேலே வீசுகின்றன. மணப்பொருட்கள் அவற்றில் செறிவாக இருக்கின்றன. ஷாம்பெயின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளும் ஒயின் என்றுகூடச் சொல்லலாம். முதல் முகர்வில் கிடைப்பது பெரும்பாலும் முதல் வயது: எலுமிச்சை, பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ. ஐந்து நிமிடம் கழித்து இரண்டாம் வயது எழும். மூன்றாவது, கோப்பை கையின் சூட்டில் சற்று வெதுவெதுப்பானபின் வரும்.

முதல் முகர்வில் தீக்குச்சி உரசிய வாடை வந்தால் பதற வேண்டாம். காற்றில்லாமல் நீண்ட நாள் அடைந்து கிடந்ததன் அடையாளம் அது; பத்து நிமிடத்தில் விலகலாம். 2010இல் பால்டிக் கடலில், ஓலாந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பலொன்றில் 168 ஷாம்பெயின் புட்டிகள் கிடைத்தன. ஏறத்தாழ 170 ஆண்டுகள் கடலடியில் கிடந்தவை. முதலில் முகர்ந்த வல்லுநர்கள் ஈரமுடி, பாலாடைக்கட்டி, விலங்கு வாடை என்றே குறித்தார்கள். கோப்பையில் சுழற்றிக் காற்றுப் பட்டதும் புகை, தோல், மசாலா, பழம், பூ என்று மாறியது. லிட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் சர்க்கரை இருந்தது. அக்காலத்து வாய்க்கு அதுதான் ருசி. உலர்ந்த ஷாம்பெயின் பெயர்பெற்றதே 1874இல் மதாம் பொம்மெரி ஆங்கிலேயருக்காகச் செய்த பிறகுதான்.

விலகாத வாடைகள் வேறு. ஈர அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த நிலவறை என்று மணந்தால் தக்கையில் கோளாறு, காத்திருந்தும் பயனில்லை. வெந்த முட்டைக்கோஸ் மணந்தால் வெளிச்சத்தில் வைக்கப்பட்ட புட்டி. நிறமற்ற கண்ணாடிக்கு இந்த ஆபத்து மிகுதி என்பதால், ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்காக 1876இல் உருவான ‘க்ரிஸ்தால்’ இன்றும் மஞ்சள் தாளில் சுற்றப்பட்டே வருகிறது.

வாயில் ஊற்றியதும் முதலில் உணர்வது முள்முள்ளான குத்தல். குமிழி வெடிப்பதால் வருவது என்று தோன்றும். உண்மையில் கரியமில வாயு வாயின் ஈரத்தில் அமிலமாகி, கடுகின் காரத்தை உணரும் அதே வகை நரம்புகளைத் தூண்டுகிறது. அது ஒரு மெல்லிய வலி. இந்த வலி அடங்கும்வரை மற்றச் சுவைகள் தெளிவாகத் தெரியாது. எனவே கொஞ்சமாக எடுத்து, உடனே விழுங்காமல், நாவின் மேல் இரண்டு மூன்று நொடி நிறுத்த வேண்டும். நுரை தளர்ந்து ஏடுபோல் பரவுகிறதா, சோடாபோல் சீறி அடங்குகிறதா என்பது இரண்டாம் வயதின் செய்தி. புளிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பது முதல் வயதின் செய்தி. விழுங்கியபின் மனத்துக்குள் எண்ணத் தொடங்கலாம்: உப்பும் பருப்பும் கலந்த அந்தக் கடைசிச் சுவை பத்து வரை நிற்கிறதா, முப்பது வரை நிற்கிறதா? நல்ல விண்டேஜ் எண்ணிக்கையை மறக்கடித்துவிடும்.

ஷாம்பெயினுக்கு வெளியேயும் இதே கண்ணோடு பார்க்கலாம். இத்தாலியின் ஃப்ரான்சியகோர்தா வட்டாரம் தன் விண்டேஜுக்குக் குறைந்தது 30 மாதம் மண்டியோடு கிடக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஸ்பெயினின் குமிழி ஒயினான காவாவில் ‘கிரான் ரெசெர்வா’ என்ற தரத்துக்கும் 30 மாதம். நிலமும் திராட்சையும் வேறு என்பதால் முதல் வயது வேறாக இருக்கும். மற்ற இரண்டும் அதே ஒழுங்கில்தான் நடக்கின்றன.

புட்டியை ஒரே மூச்சில் முடிக்காமல், கடைசிக் கோப்பையில் கால்பங்கை ஒதுக்கி ஒரு மணி நேரம் மேசையில் விட்டுவிடுங்கள். குமிழி ஓய்ந்திருக்கும், குளிர் போயிருக்கும். பெரும்பாலோர் கொட்டிவிடும் அந்த மிச்சத்தில், குத்தலின் திரை விலகிய வெறும் ஒயின் இருக்கிறது. அறுவடைக்குப் பிந்தைய வசந்தத்தில், தொட்டியிலிருந்து எடுத்து, இதற்கு ஆண்டு போடலாமா என்று நிலவறைத் தலைவர் வாயில் வைத்துப் பார்த்தது ஏறக்குறைய இதைத்தான். அவருக்கு அன்று பல் கூசியது.